மூன்று நாற்காலியைச் சேர்த்துப் போடுங்கள்

(நாகப்பட்டினம் அவுரித்திடல் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

வலையை உலர்த்திவிட்டு நேராக இங்கே வந்து நிற்கிற என் தம்பிகளே!

நம் மாவட்டத்துக்குச் சட்டமன்றத் தொகுதி மூன்று. 2021 தேர்தலில் நாகப்பட்டினத்தில் விடுதலைச் சிறுத்தைகள் ஜெயித்தார்கள். கீழ்வேளூரில் மார்க்சிஸ்ட் ஜெயித்தது. வேதாரண்யத்தில் அண்ணா தி.மு.க. ஜெயித்தது. மூன்று தொகுதி, மூன்று கொடி. அது மக்கள் தீர்ப்பு. அதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. என் வழக்கெல்லாம் அதற்குப் பிறகு நடந்ததில்தான். மூவரும் ஜார்ஜ் கோட்டைக்குள் நுழைந்தார்கள், அவரவர் கட்சி வரிசையைத் தேடிப் போனார்கள். நாகைக்காரருக்குப் பக்கத்தில் நாகைக்காரர் உட்கார வழியில்லாமல் போயிற்று.

2018 நவம்பர் 16. கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய நாள் யாருக்கு மறக்கும்? அன்று ஒரு பள்ளிக்கூட முகாமில் கஞ்சி வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றவன் நான். ஓடு பறந்துபோன வகுப்பறை. கரும்பலகை ஓரமாக மழைத்தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. தோப்பையே பறிகொடுத்த பெரியவரும், உப்பளத்துக்குக் கூலிக்குப் போகிற அக்காவும் அந்த ஈரத்தரையில் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். அந்தப் பெரியவர் தன் தட்டிலிருந்து பாதியை அக்காவின் பிள்ளைக்குத் தள்ளிவிட்டதை என் கண்ணால் பார்த்தேன். நீ எந்தக் கட்சி என்று கேட்டா அவர்களை உட்கார வைத்தோம்? அந்த மக்களுக்காகப் பேசப் போகிறவர்களை மட்டும் ஏன் கட்சி கேட்டு உட்கார வைக்கிறீர்கள்?

பக்கத்தில் உட்காருவது சின்ன விஷயம் இல்லை, ஐயா! கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று கீழ்வேளூர்க்காரர் எழுந்தால், பக்கத்து நாற்காலியில் வேதாரண்யத்துக்காரர் இருக்க வேண்டும். "எங்கள் பக்கமும் அதே கதைதான்" என்று அவரும் எழ வேண்டும். இன்று பக்கத்தில் இருப்பவர் வேறு மாவட்டத்துக்காரர். நல்லவராகவே இருக்கட்டும். கடைமடை வாய்க்கால் எப்படிக் காயும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எப்போது மேசையைத் தட்ட வேண்டும் என்றுதான் தெரியும்.

நாற்காலியின் அருமை கட்சிகளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். எதிர்க்கட்சித் துணைத்தலைவர் இருக்கை யாருக்கு என்று அண்ணா தி.மு.க.வுக்குள் எழுந்த சண்டை பேரவைக்குள் வந்தது. 2022 அக்டோபர் 18 அன்று அமளி, வெளியேற்றம். மறுநாள் சென்னையில் உண்ணாவிரதம், கைது. 2024 பிப்ரவரியில்தான் ஓ. பன்னீர்செல்வத்துக்கு இரண்டாவது வரிசை, ஆர்.பி. உதயகுமாருக்கு எடப்பாடி பழனிசாமியின் பக்கத்து இருக்கை என்று முடிவானது. ஒரு நாற்காலிக்கு ஒரு வருஷம் நான்கு மாதம்! யார் பக்கம் நியாயம் என்று நான் பேச வரவில்லை. என் மாவட்டத்துக்காரர் பக்கத்தில் எனக்கு இடம் கொடுங்கள் என்று கேட்டு யாராவது ஒரு நாள் வெளிநடப்பு செய்தார்களா? அதைச் சொல்லுங்கள்!

கட்சி வரிசையைக் கலைத்து உட்கார வைத்தால் கொறடாவுக்கு அடங்க மாட்டார்கள் என்பார்கள். 1985-லேயே கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்துவிட்டதே! கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகலாம். உறுப்பினர் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் அந்தக் கயிறு அவர் இடுப்பில்தான் இருக்கிறது. ஓட்டைக் கட்டிப்போட்டது போதாதா, ஆளையும் கட்டிப்போட வேண்டுமா? ஓட்டு எண்ணச் சிரமம் என்பது இன்னொரு சாக்கு. ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டால் 234 பேரை எண்ண எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் எதிரும் புதிருமாக உட்காரும் பழக்கம் லண்டனில் ஒரு தேவாலயத்தில் வேர்விட்டது. பாடகர்கள் எதிரெதிரே உட்கார்ந்த வரிசைகளில்தான் அந்த நாட்டுக் காமன்ஸ் சபை உட்கார ஆரம்பித்தது. அது அவர்கள் வரலாறு, நம் தலைவிதி இல்லை. சுவீடனில் 349 உறுப்பினர்களும் தொகுதிவாரியாகத்தான் உட்காருகிறார்கள். ஒரே பகுதியிலிருந்து வந்த ஆளுங்கட்சிக்காரரும் எதிர்க்கட்சிக்காரரும் தோளோடு தோள் உரசி உட்காருகிறார்கள். நார்வேயிலும் இதே வழக்கம். ஐஸ்லாந்தில் 63 உறுப்பினர்கள். அங்கே யாருக்கு எந்த இடம் என்று சீட்டுக் குலுக்கிப் போடுகிறார்கள். இந்த நாடுகளிலெல்லாம் கட்சி செத்துவிட்டதா? அரசாங்கம் நடக்கவில்லையா?

இதற்கு அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. டெல்லிக்குக் காவடி எடுக்க வேண்டியதில்லை. இருக்கை ஒதுக்குவது பேரவைத் தலைவரின் அதிகாரம். அந்த 2022 சண்டையிலேயே பேரவைத் தலைவர் அதைச் சொன்னார். அந்த அதிகாரத்தை மக்களுக்காக எடுத்துப் பாருங்கள் என்று கேட்கிறோம். எடுத்த எடுப்பில் எல்லா நாளும் மாற்ற வேண்டாம். மீன்வளத்துறை மானியக் கோரிக்கை வருகிற அந்த ஒரு நாள் மட்டும் மாவட்டவாரியாக உட்கார வையுங்கள். கன்னியாகுமரிக்காரர்கள் ஒரு வரிசை, ராமநாதபுரத்துக்காரர்கள் ஒரு வரிசை, எங்கள் மூவரும் ஒரு வரிசை. அன்றைக்கு எங்கள் அக்கரைப்பேட்டை மீனவர் படகைப் பற்றி யார் எழுந்து பேசுகிறார்கள், யார் வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம்.

இதைத்தான் மனுவாக எழுதி, மேடைக்கு இடப்பக்கம் பெட்ரோமாக்ஸ் வைத்திருக்கிற மேசையில் போட்டிருக்கிறோம். கையெழுத்துப் போடும்போது பெயருக்குப் பக்கத்தில் கட்சியை எழுத வேண்டாம். ஊரை எழுதுங்கள்.