வாழையில சத்து இருக்கு, வாழை போட்டவனுக்கு விலை எங்கே?
(சங்கக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



கன்று வச்சதிலிருந்து தார் வெட்டுற வரைக்கும் ஒரு வருஷம் காவல் காக்கிறோம். உரம், தண்ணீர், முட்டுக்கம்பு என்று கடன் வாங்கிப் போடுகிறோம். ஒரு காத்து அடிச்சா தோப்பே சாயுது. தப்பிய தாரை வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துட்டு வர்றோம். உலகத்திலேயே அதிகமா வாழை விளைவிக்கிற நாடு இந்தியா. திருச்சியில் 1993-லிருந்து மத்திய அரசின் வாழை ஆராய்ச்சி நிலையமே இருக்கு. விளைவித்த நமக்கு மட்டும் கட்டுபடியான விலை இல்லை.

நம்ம சரக்கின் மதிப்பை நாம முதலில் தெரிஞ்சுக்கணும். உரித்த பழம் 100 கிராமில் சுமார் 90 கலோரி இருக்கு. பொட்டாசியம் சுமார் 350 மில்லிகிராம். இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்க இது உதவும். நார்ச்சத்து இரண்டரை கிராம், மலச்சிக்கலுக்கு நல்லது. வைட்டமின் பி6-ம் உண்டு. காயில் எளிதில் செரிக்காத மாவுச்சத்து அதிகம், குடலுக்கு நல்லது. பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாக மாறும். அதனால் சர்க்கரை நோய் உள்ளவங்க அளவோடு சாப்பிடணும். சிறுநீரகம் பழுதானவங்க டாக்டரைக் கேட்டே சாப்பிடணும். உள்ளதை உள்ளபடி சொன்னால்தான் நம்ம பேச்சுக்கு மரியாதை.

சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் தர்றாங்க. 100 கிராம் பழத்தில் புரதம் ஒரு கிராம்தான். முட்டைக்கு அது ஈடாகாது. முட்டையை நிறுத்தச் சொல்லவில்லை. முட்டையோடு எல்லாப் பிள்ளைக்கும் பழமும் கொடு என்கிறோம். பிள்ளைக்குச் சத்து, நமக்கு நிலையான விற்பனை.

இன்னொரு சங்கதி. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை. அதில் ஆர்சனிக் நஞ்சு கலந்திருக்கும். எத்திலீன் வாயுவை அளவோடு பயன்படுத்த அனுமதி உண்டு. யாரோ கல் வைக்க, கெட்ட பேர் வாழைக்கு வருது. ஜனங்க பழம் வாங்கவே பயப்படுறாங்க. விலை விழுந்தால் நஷ்டம் யாருக்கு? நமக்குத்தான்.

அரசே!
1. சத்துணவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாழைப்பழம் கொடு!
2. அதை உள்ளூர் விவசாயிகளிடமே நேரடியாகக் கொள்முதல் செய்!
3. ஒன்றியத்துக்கு ஒரு எத்திலீன் பழுக்கவைப்புக் கூடம் அமைத்துக் கொடு!
4. கார்பைடு வைப்போர் மீது நடவடிக்கை எடு!

வருகிற விவசாயிகள் குறைதீர் நாளன்று கலெக்டர் ஆபீஸ் முன் திரளுவோம். ஆளுக்கொரு சீப்புப் பழத்தோடு வாங்க. பொதுமக்களுக்குக் கொடுத்தே நம்ம நியாயத்தைச் சொல்வோம்.

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!