வந்த வாசல்

(தோழர்களின் அரசியல் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று உங்களை நான் வெகுதொலைவு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. ஆஸ்திரேலியா நாட்டின் பெருநகரமாம் சிட்னியிலே, மேற்குப் பகுதி என்றால் பாட்டாளி மக்களின் பகுதி. அங்கே லகெம்பா, பாங்ஸ்டவுன் போன்ற பேட்டைகளிலே லெபனான் நாட்டிலிருந்து வந்தோர் திரளாக வாழ்கின்றனர். அதே மேற்கிலே, இன்னும் சற்றுத் தள்ளி, மவுண்ட் ட்ரூயிட், கேம்பெல்டவுன் பகுதிகளிலே சமோவாத் தீவினர் வாழ்கின்றனர். 2021ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ஆஸ்திரேலியாவில் லெபனான் வழிவந்தோர் சுமார் 2,48,000 பேர்; சமோவா வழிவந்தோர் சுமார் 98,000 பேர். சமோவா மக்களின் பெரிய குடியிருப்போ அண்டை நாடான நியூசிலாந்திலே இருக்கிறது. அங்கே 2018இல் அவர்கள் 1,82,000 பேருக்கு மேல். தாய்த் தீவுகளிலே இருப்போரே ஏறத்தாழ 2 லட்சம் பேர்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்விரு மக்களைப் பற்றியும் அந்நாட்டுக் கனவான்கள் ஒரு வியாக்கியானம் வைத்திருக்கின்றனர். லெபனான்காரன் பிறவி வணிகனாம். பண்டைய பினீசிய மாலுமிகளின் வாரிசாம். எங்கே கொண்டுபோய்விட்டாலும் கடை திறந்துவிடுவானாம். சமோவாக்காரனோ உடல் வலிமை படைத்தவனாம்; மூட்டை தூக்குவானாம், ரக்பி ஆடுவானாம், கோயிலிலே இனிமையாகப் பாடுவானாம், காசு சேர்க்க மட்டும் தெரியாதாம்! எங்கேயோ கேட்ட குரலாக இல்லையா, தோழர்களே? தொழில் பிறப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்ற உபதேசத்தைக் காது புளிக்கக் கேட்டவர்கள் நாம். ஆகவே இந்தக் கதையை ஆராய்ந்து பார்க்கும் கடமை மற்றவரைவிட நமக்கு அதிகம். ஒருவன் எந்த இரத்தத்தோடு வந்தான் என்பதைத் தள்ளிவைத்துவிட்டு, எந்த வாசல் வழியாக, எந்த ஆண்டிலே, கையிலே எதைக் கொண்டு வந்தான் என்று கேட்போம். விடை கிடைக்கிறதா இல்லையா பாருங்கள்.

முதலில் கையிலே கொண்டுவந்தது. லெபனான் மலைநாட்டு உழவன் 19ஆம் நூற்றாண்டிலே முசுக்கொட்டைச் செடி வளர்த்துப் பட்டுப்புழு வளர்த்தான். நூல் பிரான்சு நாட்டு லியோன் நகர ஆலைகளுக்குப் போயிற்று. சீனத்துப் பட்டும் ஜப்பான் பட்டும் சந்தையிலே குவிந்தன, விலை சரிந்தது, உழவன் கடனாளியானான். ஆனால் அவனுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இருந்தது. அதை அடகு வைத்தோ விற்றோ கப்பற்கூலி கண்டான். சமோவாவிலே நிலைமை வேறு. அங்கே நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு குடும்பத்தாரின் பொதுச் சொத்து. ‘மத்தாய்’ எனப்படும் குடும்பத் தலைவரின் பொறுப்பிலே இருப்பது. அதை விற்க அந்நாட்டு அரசியல் சட்டமே தடை விதித்திருக்கிறது. உள்ளதைச் சொன்னால் போற்றத்தக்க ஏற்பாடு அது. வட்டிக்கடைக்காரனும் வெளிநாட்டுத் தோட்ட முதலாளியும் நிலம் முழுவதையும் விழுங்க முடியாமல் போனது அதனால்தான். ஆனால் அந்த நிலத்தை மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்ற முடியாதல்லவா? சமோவாக்காரன் வெளிநாட்டுக்குக் கொண்டு போக முடிந்த ஒரே முதல் அவனுடைய இரு கைகள்.

துயரத்திலே இருவருக்கும் ஏற்றத்தாழ்வு இல்லை. முதல் உலகப் போரின்போது, 1915 முதல் 1918 வரை, லெபனான் மலையிலே பஞ்சம் தாண்டவமாடியது. மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் மாண்டனர் என்பது கணக்கு. சமோவாவை 1914இல் ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றி ஆண்டது நியூசிலாந்து. 1918 நவம்பரில் ‘தலூனே’ என்ற கப்பல் நச்சுக்காய்ச்சலைச் சுமந்துகொண்டு ஆப்பியா துறைமுகத்துக்கு வந்தது. தடுத்து நிறுத்துவார் இல்லை. ஏறத்தாழ 8,500 பேர், ஐந்தில் ஒருவருக்கு மேல், பிணமாயினர். பக்கத்திலேயே இருந்த அமெரிக்க சமோவாவிலே துறைமுகத்தை அடைத்தார்கள். அங்கே இந்த நோயால் ஓர் உயிர்கூடப் போகவில்லை! ஆட்சியாளரின் அலட்சியத்துக்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? அமைதியாக உரிமை கேட்ட ‘மாவ்’ இயக்கத்தார் 1929 டிசம்பர் 28 அன்று ஊர்வலம் வந்தபோது, தலைவர் துபுவா தமசேசே லெயலோபியையும் தோழர்கள் பலரையும் நியூசிலாந்துப் போலீசார் சுட்டு வீழ்த்தினர். 1962 ஜனவரி 1 அன்றுதான் அந்நாடு விடுதலை பெற்றது.

இனி வாசலைப் பார்ப்போம். 1880களிலே சிட்னி வந்திறங்கிய லெபனானியர் ஏன் வணிகரானார்கள்? கூலி வேலை கிடைக்காததால்! 1901இல் வெள்ளை ஆஸ்திரேலியா சட்டம் வந்தது. துருக்கி சுல்தானின் குடிகள், ஆசியாக்காரர்கள் என்று இவர்களை ஒதுக்கினர். குடியுரிமை கிடையாது; 1908இல் வந்த முதியோர் உதவிச் சட்டத்திலும் ஆசியாவில் பிறந்தோருக்கு இடம் கிடையாது. வெள்ளைத் தொழிலாளியின் சங்கமும், வெட்கத்தோடு சொல்கிறேன், இவர்களை அரவணைக்கவில்லை. எஞ்சியது தெருவும் மூட்டையும். ஊசி, நூல், பொத்தான், சரிகைப் பின்னல் இவற்றை முதுகிலே சுமந்து, உள்நாட்டுப் பண்ணை வீடுகள்தோறும் நடந்து விற்றனர். சிட்னியிலே ரெட்பர்ன் பேட்டையில் முன்னமே கிடங்கு வைத்திருந்த அவர்களுடைய ஊர்க்காரர்கள் சரக்கைக் கடனாகக் கொடுத்தனர். விற்றுவிட்டுப் பணம் கட்டினால் போதும். இந்தக் கடன்தான் தோழர்களே, ‘வணிக இரத்தம்’ என்று கனவான்கள் புகழ்வதன் உள்ளே இருக்கும் சரக்கு. நடந்து விற்றவன் வண்டி வாங்கினான். வண்டிக்காரன் சிற்றூரிலே துணிக்கடை வைத்தான். அவன் பிள்ளை கல்லூரிக்குப் போனான். 1920இல் குடியுரிமைக் கதவும் திறந்தது. அந்த மக்களிடையே பிறந்த நிக்கோலஸ் ஷெஹாடி 1973இல் சிட்னியின் மேயரானார். அவருடைய துணைவியார் மேரி பஷீர், லெபனான் வழிவந்த மருத்துவர், 2001 முதல் 2014 வரை நியூ சவுத் வேல்ஸ் மாநில ஆளுநராக வீற்றிருந்தார்.

சமோவாக்காரனுக்கு நியூசிலாந்து திறந்ததோ ஆலையின் வாசல். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஆலைகளுக்கு ஆள் போதவில்லை. வா, வா என்றழைத்தார்கள். இறைச்சிக் கூடம், மோட்டார் கோக்கும் தொழிற்சாலை, மருத்துவமனைச் சலவை, இரவு நேரத்து அலுவலகத் துப்புரவு ஆகியவற்றுக்கு வந்தான். தவணை முடிந்த அனுமதிச் சீட்டை முதலாளியும் பார்க்கவில்லை, சர்க்காரும் பார்க்கவில்லை. உழைப்பு வேண்டியிருந்த காலத்திலே சட்டம் கண்மூடிக் கிடந்தது.

1973 வந்தது. பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்து நியூசிலாந்தின் வெண்ணெய்க்கும் ஆட்டிறைச்சிக்கும் இருந்த உறுதியான சந்தையைச் சுருக்கிற்று, எண்ணெய் விலை ஏறிற்று, வேலை குறைந்தது. உடனே சட்டம் கண்விழித்தது! 1974இலும், மீண்டும் 1976இலும், ஆக்லாந்து நகரிலே விடியுமுன் கதவுகள் இடிக்கப்பட்டன. போலீசு நாயோடு வந்து, தூங்கும் குழந்தைகளை எழுப்பி, சீட்டு எங்கே என்று கேட்டார்கள். தெருவிலே போகிறவனைத் தோலின் நிறம் பார்த்து நிறுத்தினார்கள். 1975 தேர்தலிலே ஒரு கட்சி, பழுப்பு நிற மனிதன் அடிதடியில் இறங்குவதுபோல் படம் வரைந்து தொலைக்காட்சியிலே விளம்பரமே செய்தது. அன்று நிதி நெருக்கடிக்குக் காரணம் எண்ணெய்க் கம்பெனிகளா, சலவை செய்த சமோவாப் பெண்ணா என்று கேட்பார் சிலரே. கணக்கு பின்னர் வெளிவந்தது. 1985–86 ஆய்வின்படி, தவணை கடந்து தங்கியோரில் பசிபிக் தீவினர் மூன்றில் ஒரு பங்கு; வழக்குத் தொடரப்பட்டோரிலோ 86 விழுக்காடு. அமெரிக்கரும் பிரிட்டிஷாரும் சேர்ந்து அதே மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தங்கியிருந்தனர். வழக்கு 5 விழுக்காடு!

சும்மா இருந்தார்களா இளைஞர்கள்? 1971இல் ஆக்லாந்திலே ‘பாலினேசியச் சிறுத்தைகள்’ என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தனர். பிள்ளைகளுக்கு மாலைநேரப் பாட வகுப்பு நடத்தினர். குடிக்கூலிக்காரருக்குச் சட்ட உரிமையைச் சொல்லிக் கொடுத்தனர். விடியற்காலைச் சோதனைக்கு அவர்கள் கண்ட பதில் இருக்கிறதே, அது நம் தோழர்கள் கேட்டு மகிழத்தக்கது. இவர்களும் விடியுமுன் அமைச்சர்களின் இல்லத்துக்குச் சென்றார்கள், ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு, “உங்கள் கடவுச்சீட்டைக் காட்டுங்கள்!” என்றார்கள். தூக்கம் கலைந்த அமைச்சருக்குச் சட்டத்தின் சுவை அன்று கொஞ்சம் புரிந்திருக்கும்.

இங்கே ஒருவர் கேட்கலாம்: “சரி, லெபனானியன் முன்னேறினான், சமோவாக்காரன் தவித்தான், குணம் காரணம் என்பவன் வாயை இது அடைத்துவிடுமா?” அடைக்கும் சான்று லெபனான் மக்களிடமே இருக்கிறது. 1975இல் அந்நாட்டிலே உள்நாட்டுப் போர் மூண்டது. 1976இல் ஆஸ்திரேலிய சர்க்கார் விதியைத் தளர்த்த, ஆயிரக்கணக்கானோர் வந்தனர். வடக்கு லெபனானின் ஏழை முஸ்லிம் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள் அவர்களில் மிகப் பலர். அதே நாடு, அதே மொழி, வேண்டுமானால் அதே பினீசியன்! ஆனால் முதுகிலே மூட்டை ஏற்றிக் கொடுக்கக் கிடங்குக்காரர் இல்லை. அவர்கள் நுழைந்தது ஆலை வாசல், ஆலைகளோ மூடப்பட்டுக்கொண்டிருந்தன. 1973இலேயே இறக்குமதிச் சுங்கத்தைக் கால் பங்கு குறைத்திருந்தார்கள். துணியும் செருப்பும் வெளிநாட்டிலிருந்து கொட்டின. 1980களிலே லெபனானில் பிறந்தோரிடையே வேலையின்மை நாட்டுச் சராசரியைப்போலப் பல மடங்கு இருந்தது. பிறவி வணிகன் எங்கே போனான், தோழர்களே? ஏற்கெனவே கடைகண்ணியோடு உறவினர் இருந்த குடும்பங்கள் சீக்கிரம் எழுந்து நின்றன. இல்லாதவை சமோவாக் குடும்பங்கள் நின்ற அதே வரிசையில் நின்றன. 2005 டிசம்பர் 11 அன்று சிட்னியின் குரோனுல்லா கடற்கரையிலே ஏறத்தாழ 5,000 பேர் கூடி, அரபு முகம் என்று பட்டவரையெல்லாம் அடித்தபோது, ஆளுநர் மாளிகையிலே இருந்தவர் லெபனான் வழிவந்த மேரி பஷீர்தான். மேலே ஒருவர் அமர்வது கீழே இருப்பவரின் கன்னத்தைக் காப்பாற்றிவிடுவதில்லை. 2023இல் நியூசிலாந்தின் துணைப் பிரதமரான கார்மல் செபுலோனி சமோவாவும் டோங்காவும் கலந்த வழியினர். மகிழ்ச்சியே, வாடகை குறைந்ததா என்பது தனிக் கேள்வி.

வாடகை என்றேன். 1984க்குப் பின் நியூசிலாந்திலே சந்தைப் பொருளாதாரம் என்ற பெயரில் ஆலைகளை மூடினார்கள். 1990களின் தொடக்கத்திலே பசிபிக் தீவினரில் வேலை தேடிய நால்வரில் ஒருவருக்கு மேல் வேலையற்றிருந்தார். 1986இல் அம்மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் சொந்த வீட்டிலே இருந்தனர். 2013இல் மூன்றில் ஒரு பங்கினர்தாம். 2018 கணக்கிலே நாட்டின் நடுத்தர ஆண்டு வருமானம் 31,800 டாலர். பசிபிக் மக்களுடையது 24,300 டாலர்.

அதிலும் ஒரு பகுதி வீட்டுக்குள் தங்குவதில்லை. ஊரிலே சாவு, திருமணம், பட்டமேற்பு எதுவாயினும் பங்கு அனுப்ப வேண்டும். ‘பஃஅலாவெலாவே’ என்பர் இதை. கோயிலுக்குத் தனி. பாதிரியாருக்குப் பெரிய வீடு, காணிக்கை தந்தவனுக்குக் குளிர் நுழையும் வாடகை அறை என்ற நிலையை நான் புகழமாட்டேன். ஆனால் ஊருக்கு அனுப்பும் பணத்தை ஊதாரித்தனம் என்பது அநியாயம். சமோவா நாட்டு வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் அந்தப் பணம்தான். லெபனானியரும் அனுப்பினர், பெய்ரூட் வங்கிகளிலே சேமித்தனர். 2019இல் அந்த வங்கிகள் கதவைச் சாத்திக்கொண்டன. கடல் கடந்து உழைத்தவனின் டாலர் கணக்கேட்டிலே மட்டும் இருக்கிறது. சிக்கனக்காரன் என்று புகழப்பட்டவன் பணமும் போயிற்று, ஊதாரி என்று ஏசப்பட்டவன் பணமும் போயிற்று. ஊதாரியின் பணமாவது சொந்தக்காரன் வயிற்றுக்குப் போனது!

சிட்னியின் மேற்கிலே இருவரும் அண்டை வீட்டார் என்றேன். சமோவாக்காரர் பலர் நியூசிலாந்துக் குடிமக்களாகி, அந்த உரிமையிலே அங்கே சென்றவர்கள். 2001க்குப் பின் வந்தவருக்கு வரி கட்டும் கடமை உண்டு, வேலை போனால் உதவி கிடையாது என்று ஆஸ்திரேலியா விதித்தது. 2014இல் குடியேற்றச் சட்டத்தைக் கடுமையாக்கி, சிறுவயதிலே வந்து அங்கேயே வளர்ந்தவனையும் ஓராண்டுத் தண்டனை பெற்றால் நாடுகடத்தினார்கள். 2023 ஜூலையிலேதான் நான்காண்டு வாழ்ந்தோர் நேரே குடியுரிமை கோர வழி பிறந்தது. லெபனான் அகதிக்கு வறுமை இருந்தது, ஆனால் குடியுரிமை இருந்தது; வாக்கு இருந்தது; ஆகவே கட்சிகள் அவன் தெருவைத் தேடி வந்தன. சமோவாக்காரன் தெருவை யார் தேடுவார்?

2021 ஆகஸ்டு 1 அன்று ஆக்லாந்து நகர மன்றத்திலே பிரதமர் ஜெசிண்டா ஆர்டெர்ன், விடியற்காலைச் சோதனைகளுக்காக மன்னிப்புக் கோரினார். ‘இஃபோகா’ என்னும் சமோவா முறைப்படி நெய்த பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டு அமர்ந்தார். அதே வாரத்திலே சிட்னியின் மேற்கில், தொற்றுநோய் ஊரடங்கை நிறைவேற்ற இராணுவத்தார் வீடு வீடாகக் கதவைத் தட்டினர். நோய் முதலில் பரவியது பணக்காரர் வாழும் கடற்கரையோரப் பேட்டையில். இராணுவம் வந்ததோ லெபனானியர் கதவுக்கும் சமோவாக்காரர் கதவுக்கும். அந்தக் கதவுகளுக்குப் பின்னால் இருந்தவர்கள் கிடங்கிலும் மருத்துவமனையிலும் வேலைக்குப் போயே தீர வேண்டியவர்கள்.

மன்னிப்புக் கேட்ட நாட்டிலே தீராத ஒரு கணக்கும் உண்டு. தவணை கடந்து தங்கியதாக வழக்குத் தொடரப்பட்ட பலெமாய் லெசா என்ற சமோவாப் பெண் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போராடினார். 1924க்கும் 1948க்கும் இடையே மேற்கு சமோவாவில் பிறந்தோர் நியூசிலாந்துக் குடிமக்களே என்று 1982இல் தீர்ப்பு வந்தது. சில வாரங்களிலேயே, அன்று நியூசிலாந்துக்குள் இருந்தவரை மட்டும் விட்டுவிட்டு, ஏனையோரின் உரிமையைப் பறித்துத் தனிச்சட்டம் செய்தார்கள். 42 ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், டியானாவ் துயியோனோ என்ற உறுப்பினர் கொண்டுவந்த மசோதா நிறைவேறி, அந்த ஆண்டுகளிலே பிறந்தோர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற வழி வந்தது. அவர்களில் இளையவருக்கே வயது 75ஐத் தாண்டிவிட்டது. பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அச்சட்டம் தானாக எதையும் தரவில்லை. நெடுங்காலம் ஆண்டுக்கு 1,100 பேர் என்றிருந்த ஒதுக்கீட்டிலே, குலுக்கலில் தங்கள் பெயர் விழுமா என்று அவர்கள் ஆண்டுதோறும் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கின்றனர். விழுந்தால், வேலை தருவதாக ஒரு முதலாளியின் கடிதத்தையும் தேடிக் கொண்டுவர வேண்டும்.