மேட்டில் இறங்குமுன்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியது)



இன்ஜினீயர் என்பதால் பம்பு, பாலம் என்று ஏதாவது பேசுவேன் என நினைத்திருப்பீர்கள். நான் பேசப்போவது மல்யுத்தம். காஞ்சியை ஆண்ட முதலாம் நரசிம்மவர்மனுக்கே மாமல்லன் என்று பட்டம். ஆகவே இந்த ஊரில் யாரும் கோபிக்க மாட்டீர்கள்!

பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவன் நான். அப்பா எங்கள் விரல்களைப் பிடித்துப் பார்ப்பார். நகம் சொரசொரப்பா இருந்தா பட்டு இழை மாட்டிக்கும். "வெட்டிட்டு வாடா, அப்புறம் பாவைத் தொடு" என்பார். பள்ளியில் மல்யுத்த மாஸ்டரும் அதையேதான் சொன்னார். அங்கே கிழிவது எதிராளியின் கண்ணிமை.

போட்டிக்கு முன் நகம், தோல் எல்லாம் பார்ப்பார்கள். மோதிரம், காப்பு, கயிறு கூடாது. உடம்பில் எண்ணெய்ப் பசை கூடாது, பிடி வழுக்கும். எனக்கு அதெல்லாம் வெறும் சடங்காகத் தெரிந்தது.

பிளஸ் ஒன் படிக்கையில் முன்கையில் காலணா அளவுக்குப் படர்தாமரை. போட்டிக்குப் பத்தே நாள். சொன்னா உட்கார வச்சிடுவாங்க. மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பு தடவினேன். சிவப்பு மறைந்தது, சோதனையில் தேறினேன், முதல் சுற்றிலேயே தோற்றேன். ஆனால் தினமும் என்னோடு பயிற்சி எடுத்த பையனுக்குக் கழுத்து முழுக்கப் பரவிவிட்டது. மாசக்கணக்கில் வரவில்லை, பிறகு வரவேயில்லை. என்னிடமிருந்துதான் ஒட்டியது என்று அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

பின்னால் ஒரு டாக்டர் விளக்கினார்: அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அது சிவப்பையும் அரிப்பையும் அடக்கும். பூஞ்சை பாட்டுக்கு உள்ளே வளரும். பார்க்கிறவர் கண்ணை ஏமாற்ற இதைவிடச் சுலப வழி இல்லை.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் படர்தாமரை என்றால் 72 மணி நேரமாவது மருந்து, தலையில் வந்தால் 14 நாள், அதன் பிறகே களம். காதுக்கவசமும் கட்டாயம். எல்லாம் நியாயம்தான். ஆனால் அங்கேயும் கோணல் உண்டு. 2018 டிசம்பரில் நியூஜெர்சியில் ஒரு கறுப்பின மாணவனிடம், முடியை மூடும் உறை விதிப்படி இல்லை, வெட்டு அல்லது விலகு என்றார் நடுவர். களத்தோரத்திலேயே கத்தரித்தார்கள். பையன் ஜெயித்தான், முகத்தில் சிரிப்பில்லை. 2021-ல் முடி நீளக் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டார்கள். தோலைப் பார்ப்பது எதிராளிக்காக. முடியை அளந்தது யாருக்காக?

இப்போது ஞாயிறு காலையில் சில பசங்களுக்குச் சொல்லித் தருகிறேன். முதலில் என் கையை நீட்டிக் காட்டுவேன், அப்புறம் அவர்கள். "தேமல், சிரங்கு, எதுவா இருந்தாலும் சொல்லுங்கடா. ஆறினதும் உன் இடம் உனக்கே" என்று சொல்லியிருக்கிறேன். போன மாதம் ஒருத்தன் தானாக வந்து முதுகைக் காட்டினான்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். இந்த வருஷம் கோப்பையைக் கொஞ்சம் சின்னதாக வாங்குவோம். மிச்சப் பணத்தில் மாதம் ஒருமுறை தோல் டாக்டர் ஒருவரை நம் விளையாட்டு மாணவர்களுக்காக அழைக்கலாம். அவரைக் கூட்டி வந்து கொண்டு விடுவது என் பொறுப்பு.