கண்டதும் காட்டியதும்

வத்தேகம புகையிரத நிலையத்தின் மேடையிலே காலை வேளையில் அரை மணி நேரம் நிற்பவருக்குக் காட்சிகளுக்குப் பஞ்சமில்லை. கண்டிக்குச் செல்லும் வண்டியை எதிர்பார்த்து வெள்ளைச் சீருடையணிந்த மாணவர்கள் நிற்கிறார்கள். மடுல்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து விடியற்காலை பஸ்ஸிலே வந்திறங்கிய பெண்ணொருத்தி, ஆஸ்பத்திரித் துண்டைச் சேலைத் தலைப்பிலே முடிந்து வைத்திருக்கிறாள். பலாப்பழப் பாதியொன்றைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு ஒருவர் போகிறார். வேலியோரத்திலே பெரியவர் ஒருவர் சாக்கை விரித்து மிளகு காயப்போட்டுவிட்டு அருகிலேயே குந்தியிருக்கிறார். கோழிக்கு மிளகு வேண்டாந்தான். ஆனால் விரித்த சாக்கைக் கிளறாமலிருக்க அதற்குத் தெரியாதே! கிழக்கே தும்பறை மலைத்தொடர் முகிலுக்குள் மறைவதும் தோன்றுவதுமாக இருக்கிறது. மடக்கிய கைவிரல்களின் மொழிகளைப் போலத் தோன்றுவதனால் ஆங்கிலேயர் அதனை நக்கிள்ஸ் என்று அழைத்தனர்.

மாத்தளை வரைக்குமான இந்த இருப்புப் பாதை 1880ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. அன்று தொட்டு இத்தகைய காட்சிகள் நாள்தோறும் நிகழ்ந்தே வந்திருக்கின்றன. ஆயினும் அவற்றைப் பிறருக்குக் காட்டவேண்டிய காட்சிகளென்று எவரும் எண்ணியதில்லை. இன்றோ மேடையிலே நிற்போர் பலரின் கையிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. அதிலே படம் பிடிக்கும் கண் இருக்கிறது. பிடித்ததை உலகுக்கு அனுப்பும் வழியும் இருக்கிறது. பேஸ்புக், யூடியூப், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் என்று சமூக ஊடகங்கள் பல. இவற்றிலே வெற்றி பெறுவது எப்படி என்பது இளைஞர்கள் மிகுந்த அக்கறையோடு கேட்கும் கேள்வியாகிவிட்டது. இதனை வீண் பொழுதுபோக்கு என்று பெரியவர்கள் தள்ளிவிடுவது எளிது. ஆனால், வேலையற்ற இளைஞன் ஒருவனுக்கு அது பிழைப்புக்கான கேள்வியாகவும் இருக்கலாம்.

அப்படியான ஓர் இளைஞனைக் கற்பனை செய்துகொள்வோம். மிளகு காயப்போடும் பெரியவரை அவன் பொறுமையாகப் படம் பிடிக்கிறான். கொடியிலிருந்து பறித்த பச்சைக் கதிர் எப்படிக் கறுத்துச் சுருங்கி மிளகாகிறது என்பதை அவர் வாயாலேயே சொல்லவைத்து வெளியிடுகிறான். நாற்பது பேர் விருப்பம் தெரிவிக்கிறார்கள். மறுநாள் பஸ்ஸிலே மீதிச் சில்லறைக்காக நடத்துநரும் பிரயாணியும் வாய்ச்சண்டை பிடிக்கிறார்கள். அதை அரை நிமிடம் பிடித்துப் போடுகிறான். நாலாயிரம் பேர் பார்க்கிறார்கள். இவன் எந்தப் பாடத்தைப் படிப்பான்? சண்டையே சரக்கு என்ற பாடத்தைத்தான்.

அவன் படித்த பாடம் சரியானதா என்று ஆராயுமுன், பழைய வானொலிக் காலத்தைச் சற்று நினைவுகூர்வது பொருந்தும். இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950ஆம் ஆண்டிலே தொடங்கிய பின்னர், இந்நாட்டு நேயர்களும் கடலுக்கப்பால் தமிழ்நாட்டு நேயர்களும் தபாலட்டைகளை எழுதிக் குவித்தார்கள். தாம் விரும்பிய பாடலோடு தமது பெயரும் ஒலிக்கவேண்டும் என்ற ஆசைதான் காரணம். பெயர் ஒலித்த நாளிலே வீட்டிலே அது ஒரு திருநாள். அதற்கு ‘நேயர் விருப்பம்’ என்று பெயர். இன்றைய பேஸ்புக்கிலும் ‘விருப்பம்’ என்ற அதே சொல்தான் தமிழிலே பயன்படுகிறது. மனிதரின் ஆசை மாறவில்லை. மாறியது வேறொன்று. தபாலட்டைக்கும் ஒலிவாங்கிக்கும் இடையிலே ஒரு மனிதர் அமர்ந்திருந்தார். எழுதியதை வாசித்தார், தகாததைத் தள்ளினார். சமூக ஊடகத்திலே அந்த நாற்காலியில் அமர்ந்திருப்பது ஒரு கணக்கிடும் பொறி. ஒரு பதிவுக்குக் கருத்துரை எத்தனை, பகிர்வு எத்தனை என்று அது எண்ணுகிறது. அதிகம் பெறுவதை மேலும் பலரின் கண்முன்னே வைக்கிறது. பெற்றது பாராட்டா வசையா என்ற பேதம் எண்ணுகிற பொறிக்குப் பெரிதல்ல. ஆகவே பஸ் சண்டை மிளகை வென்றதில் வியப்பில்லை.

ஆனால், சண்டை மட்டுமே வெல்லும் என்பதும் உண்மையல்ல. அதற்குச் சான்று தேடிப் புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் போகவேண்டும். மலைநாட்டுத் தோட்டங்களிலே வாழும் பலருடைய முன்னோர்கள் புறப்பட்டு வந்த பிரதேசங்களிலே அதுவும் ஒன்று. அங்கே சின்னவீரமங்கலம் என்ற சிற்றூரிலே, பெரியதம்பி என்னும் முதியவரும் அவருடைய பேரர்களும் 2018ஆம் ஆண்டிலே ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ என்ற பெயரிலே யூடியூப்பில் சமையற் படங்களை வெளியிடத் தொடங்கினார்கள். விவசாயக் குடும்பம், வயலிலே வேலையில்லாத மாதங்களும் உண்டு. பெரியதம்பி முன்னர் சமையல் வேலை செய்து பழகியவர். வயல்வெளியே அவர்களுடைய கூடம். அம்மியிலே மசாலை அரைபடுகிறது. விறகடுப்பிலே பெரிய அண்டா ஏறுகிறது. கோழியோ மீனோ காளானோ கொதிக்கிறது. சமைத்ததை முதியோருக்கும் ஆதரவற்றோருக்கும் படைக்கிறார்கள். இவ்வளவே. யாரையும் ஏசுவதில்லை, யாரோடும் போட்டியிடுவதில்லை. 2021 ஜனவரியிலே ராகுல் காந்தி அங்கே சென்று காளான் பிரியாணிக்கு உடன் நின்று உண்டார். அதே ஆண்டு ஜூலையிலே அவர்களைப் பின்தொடர்வோர் தொகை 1 கோடியைக் கடந்தது. தமிழ் யூடியூப் ஒன்று அத்தொகையை எட்டியது அதுவே முதற் தடவை. கிடைத்த வருவாயிலிருந்து 10 இலட்சம் ரூபாவைத் தமிழக முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்கு அவர்கள் வழங்கினார்கள்.

இங்கே கவனிக்கவேண்டியது, அவர்கள் காட்டியது தாம் நன்கு அறிந்த ஒன்றை என்பதே. அம்மியை நடிப்புக்காக வாங்கிவைத்தவர்கள் அல்லர். அறிந்ததைக் காட்டும்போது கைக்கு ஒரு தெளிவு வருகிறது. பார்ப்பவர் மொழி தெரியாதவராயினும் அத்தெளிவை உணர்ந்துகொள்கிறார். மிளகுப் பெரியவரின் நாற்பது விருப்பங்களைக் கண்டு சோர்ந்த இளைஞன் இதை அறிந்திருந்தால், இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அவரிடமே போயிருப்பான். தும்பறைப் பக்கத்திலே மிளகு மட்டுமா இருக்கிறது? கராம்பு இருக்கிறது, சாதிக்காய் இருக்கிறது, கொழுந்துக் கூடை இருக்கிறது.

அதே 2018ஆம் ஆண்டிலே, அதே வகை ஊடகத்தினால், வத்தேகமவிலிருந்து அதிக தூரமில்லாத இடங்களிலே நிகழ்ந்தது வேறு. அதன் முதற் பொறி கிழக்கிலே விழுந்தது. பெப்ரவரி மாதக் கடைசியில் அம்பாறையிலே, முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் உண்ட ஒருவர் கறியிலே ஏதோ கட்டியாகக் கிடப்பதைக் கண்டார். சிங்களவரை மலடாக்கும் மாத்திரை அது என்று கூச்சல் எழுந்தது. கூட்டம் சூழ்ந்து மிரட்ட, சிங்களம் சரிவர அறியாத உணவகத்தார் திகைத்து ஏதோ சொல்ல, அதைப் படம் பிடித்து, ஒப்புதல் வாக்குமூலம் என்று பரப்பினார்கள். அது வெறும் மாவுக்கட்டி என்று அரசாங்கப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிக்கை தந்தார். படத்தைப் பார்த்தவர்களிலே எத்தனை பேர் அறிக்கையைப் பார்த்திருப்பார்கள்! விருப்பத்தையும் பகிர்வையும் மட்டும் எண்ணினால், அந்தப் படம் பெற்றது மகத்தான வெற்றியே.

இதற்கிடையில் தெல்தெனியவிலே, வீதித் தகராறொன்றில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் மார்ச் மாதத் தொடக்கத்திலே உயிரிழந்தார். அது நீதிமன்றம் விசாரிக்கவேண்டிய குற்றம். ஆனால் கைத்தொலைபேசிகள் வழியே அது ஓர் இனத்தின் குற்றமாகப் பரவியது. கூடுங்கள், புறப்படுங்கள் என்ற அழைப்புகளும் அதே வழியிலே வந்தன. திகனவிலே தொடங்கிய தீ மெனிக்கின்ன, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை என்று பரவிற்று. நூற்றுக்கணக்கான வீடுகளும் கடைகளும் வாகனங்களும் சேதமாயின. பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன. எரிந்த வீட்டினுள்ளே முஸ்லிம் இளைஞர் ஒருவர் மாண்டார். மார்ச் 6ஆந் திகதி அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. மறுநாள் அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் முதலியவற்றைத் தடைசெய்தது. தடை முற்றாக நீங்க ஒரு வாரத்துக்கு மேல் சென்றது.

வெறுப்பூட்டும் பதிவுகளைப் பற்றி முறையிட்டவர்கள் இருந்தார்கள். எனினும் சிங்களத்தில் எழுதப்பட்டதை வாசித்துத் தீர்மானிக்கப் போதிய ஆட்கள் அந்நிறுவனத்திடம் அப்போது இருக்கவில்லை. தபாலட்டைக்கு முன்னே இருந்த மனிதரின் நாற்காலி வெறுமையாய்க் கிடந்ததென்றால் இதுதான் பொருள். 2020 மே மாதத்திலே, தனது தளம் அவ்வாறு துர்ப்பிரயோகஞ் செய்யப்பட்டதற்காகப் பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கோரியது. கண்டிக்கும் திகனவுக்கும் இடையே அதனால் எந்தக் கடையின் கூரையும் மீண்டு வரவில்லை. அயலவரைத் தம் வீட்டுக்குள்ளே ஒளித்துக் காத்தவர்கள் எல்லா இனத்திலும் இருந்தார்கள். அந்த வேளையிலே அவர்கள் படம் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அதனால் அவர்களுடைய செயல் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

வெறுப்பு வேண்டாம், அழகை மட்டும் காட்டுவோம் என்று முடிவு செய்துகொண்டாலும் தொல்லை முழுதும் தீர்ந்துவிடுவதில்லை. தும்பறை மலைக்காட்டிலே ஓர் ஓணான் உண்டு. மூக்கின் நுனியிலே இலையைப் போன்ற ஓர் உறுப்பு நீட்டிக்கொண்டிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நாட்டிலே குடியேற்றக் காரியதரிசியாயிருந்த எமர்சன் டெனென்ட் துரையின் பெயரை விலங்கியலார் அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். வாலினாற் கிளையைச் சுற்றிப் பற்றும் இன்னொரு சிறிய ஓணான், 2006ஆம் ஆண்டிலேதான் தனி இனமாக விவரிக்கப்பட்டு, தும்பறையின் பெயரையே பெற்றது. இவ்விரண்டும் உலகில் வேறெங்கும் இல்லை. மெல்ல நகர்வன, ஓடித் தப்பத் தெரியாமல் நிறத்தை நம்பி அசையாது இருப்பன. புகைப்படக்காரருக்கு இதைவிட வசதி வேறென்ன? பிடித்து விற்பவருக்கும் அதே வசதிதான். வெளிநாடுகளிலே அபூர்வப் பிராணிகளை வளர்ப்போருக்காக இலங்கையின் ஓணான்கள் களவாகக் கொண்டுசெல்லப்பட்டு வந்தன. அவ்வியாபாரத்தின் விளம்பரங்களும் சமூக ஊடகங்களிலேயே தோன்றின. அதனாலேதான் 2019ஆம் ஆண்டு ஜெனீவாவிலே கூடிய, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகம் பற்றிய மகாநாட்டிலே, இலங்கையின் கோரிக்கைப்படி இவ்விரண்டும் வர்த்தகம் முற்றாகத் தடுக்கப்பட்ட பட்டியலில் சேர்க்கப்பட்டன.

ஆகவே ஓணானின் படத்தோடு இன்ன ஓடைக்கு மேலே, இன்ன வளைவிலே என்று எழுதுபவர், தம்மை அறியாமலே கள்வனுக்கு வழிகாட்டுகிறார். இயற்கை ஆர்வலர்கள் தாம் கண்டவற்றைப் பதியும் ‘ஐநேச்சுரலிஸ்ட்’ என்ற தளத்திலே இதற்கொரு நல்ல ஏற்பாடு உண்டு. அருகிவரும் உயிரினமாயின் கண்ட இடத்தை அப்படியே காட்டாமல், 20 கிலோமீற்றருக்கு மேல் அகன்ற ஒரு சதுரத்துக்குள்ளே எங்கோ ஓரிடமாகக் காட்டும். படம் எல்லோருக்கும் உரியது. இடம் மாத்திரம் மறைபொருள். மற்ற ஊடகங்களிலே இந்த மறைப்பைப் படம் பிடித்தவர்தாமே செய்துகொள்ளவேண்டும்.

கற்பனையிலே கண்ட அந்த இளைஞன், மலையேறி அவ்வோணானைக் கண்டு படம் பிடித்துக்கொண்டு மறுநாட் காலை அதே புகையிரத மேடையிலே நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். படத்தின் கீழே ‘வத்தேகமவுக்குக் கிழக்கே’ என்று மட்டும் எழுதுகிறான். எங்கே, எங்கே என்று கேட்டுக் கருத்துரைகள் வருகின்றன. ஒருவர் இரண்டு தடவை கேட்கிறார். அவன் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு வேலியோரம் போகிறான். மழை இருட்டிக்கொண்டு வருகிறது. பெரியவர் மிளகை அவசரமாக அள்ளிக்கொண்டிருக்கிறார். சாக்கின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.