கடல் தூண்டிலுக்கு ஏற்ற ரீல்

கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தான் கடல் தூண்டிலைப் பற்றிப் பேசுவதா என நகையாதீர்கள். உப்பும் இரும்பும் எவ்வூரிலும் பகைதான்.

கட்டுமர மீனவர் தூண்டில் நரம்பைக் கையிலேயே பிடிப்பர்; பெருமீன் இழுத்தால் விரல்களே அளந்து விட்டுக்கொடுக்கும். 'கயாக்' என்னும் சிறு துடுப்புப் படகில் அவ்வேலையைச் செய்வது ரீலின் தடையமைப்பு. சில வகை ரீல்களில் எறியும்போது உருளையே சுழலும். கட்டைவிரல் அடக்காவிடில் நரம்பு சிக்கிக்கொள்ளும்.

வாங்குவோர் பலர் 'பேரிங்'குகளின் எண்ணிக்கை கண்டு மயங்குகின்றனர். அவை பெருகினால் துருவுக்கு இடமும் பெருகும்! படகோ தாழ்வானது, அலை ரீலின்மேலேயே தெறிக்கும். ஆதலின், உப்புநீர் எளிதில் புகாத கூட்டையே முதலில் நோக்குங்கள். 10 கிலோ தாங்கும் நரம்புக்கு, ஏறத்தாழ 3 கிலோ இழுப்பில் சீராக நழுவவிடும் தடை போதும். மிகுவலிமைக்குக் கொடுக்கும் பணம் வீண். கரையேறியதும் நன்னீரால் மெல்லக் கழுவுங்கள். பீய்ச்சியடித்தால் உப்பு உள்ளே போய்விடும்.