செயல்திட்டக் கல்வியும் தோட்டத்துப் பெற்றோரும்

(பேராக் மாநிலத் தோட்டப் பகுதிப் பெற்றோர்களிடையே ஆற்றிய உரை)



பள்ளியில் செயல்திட்டம் கொடுத்திருக்கிறார்கள் என்று பிள்ளை வந்து நிற்கும்போது, பல வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "எவ்வளவு செலவாகும்?" என்பதே. வண்ணத்தாள், அட்டை, அச்செடுத்த படம் என்று பத்து இருபது வெள்ளி கரைகிறது. கடைசி இரவில் அக்காள் செய்து கொடுத்தனுப்புவதும் உண்டு. இது கல்வி அன்று, வெறும் ஒட்டுவேலை.

1937இல் காந்தியடிகள் வார்தாவில் கூட்டிய மாநாடு, கைத்தொழிலின் வழியாகவே பாடங்களைக் கற்பிக்கும் கருத்தை ஏற்றது. பிள்ளை தானே பார்த்து, அளந்து, செய்து விடை காணவேண்டும் என்பதே செயல்திட்டக் கல்வியின் உயிர். நம் நாட்டில் 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நிறுத்தப்பட்டபின் வகுப்பறை மதிப்பீட்டின் பொறுப்பு மிகுந்துள்ளது.

இதற்கு நம் பால்மரக் காட்டைவிடச் சிறந்த இடம் எது? விடியற்காலையில் மரம் வெட்டுவது ஏன்? குளிர்ந்த வேளையில் பட்டையினுள் அழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்கு வடிகிறது. வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிவது ஏன்? பால்குழல்கள் சற்றுச் சாய்ந்து செல்வதால், அவ்வாறு வெட்டினால்தான் மிகுதியான குழல்கள் அறுபடும். உங்கள் கை அறிந்த இச்செய்திகள் உங்கள் பிள்ளைக்குப் பாடமாகும்.

மேலாளரின் அனுமதி பெற்று, ஒரே மரத்தின் மங்கில் சேரும் பாலை ஒரு மாதம் அளந்து, மழை வெயிலோடு குறித்து வரச் சொல்லுங்கள். அரை லிட்டர் பாலை உறையவைத்து, நன்கு உலர்த்தி நிறுத்தால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே இரப்பராக நிற்கும். எஞ்சியது பெரும்பாலும் நீர். (அமிலத்தைப் பெரியவர்களே ஊற்றவேண்டும், பிள்ளைகள் தொடலாகாது.) பல தோட்டங்களில் உலர்ந்த எடையைக் கொண்டே கூலி கணக்கிடப்படுகிறது. இக்கணக்கைக் கற்ற பிள்ளை உங்கள் சம்பளச் சீட்டையும் சரிபார்த்துவிடும்!

தோட்டம் செம்பனையாகி, ஈப்போவுக்குக் குடிபெயர்ந்தோரும் கவலற்க. தாத்தா பாட்டியிடம் கேட்டு, லயம், கோயில், பெரட்டுக்களம், பால் கொட்டகை ஆகியவற்றைக் குறித்துப் பழைய தோட்டத்தின் படத்தைப் பிள்ளை வரையலாம். கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்தருகே, 1877இல் கொண்டுவந்த கன்றுகளுள் ஒன்றெனக் கூறப்படும் இரப்பர் மரத்தையும் சென்று காணலாம்.

பிள்ளை வினவினால் உடனே விடை கூறிவிடாதீர்கள். மரத்தடிக்கு அழைத்துச் செல்லுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும். அதனை ஆசிரியர் திருத்துவார். வாங்கவேண்டியவை ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் அடிக்கோலும் மட்டுமே.