அலைக்கு முந்தும் செய்தி



நெல்லியடிச் சந்தியிலிருந்து சில கல் தொலைவில் வடமராட்சிக் கடல் விரிந்து கிடக்கிறது. 2004 டிசெம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் நடுங்கியது. ஆழிப்பேரலை இலங்கைக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பிடித்தது. அவ்வளவு நேரம் இருந்தும் மணற்காட்டு மக்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. அலைக்கு முன்னே செய்தியைச் சேர்ப்பது எங்ஙனம்?

இவ்வினாவுக்கு விடைகாண, மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் டயலொக் நிறுவனமும் இணைந்து நடத்திய ஆய்வுகூடம் முனைந்தது. குறுஞ்செய்தி ஒவ்வோர் இலக்கத்துக்கும் தனித்தனியே செல்வது. ஆபத்து வேளையில் நெரிசலிற் சிக்கும். கோபுரத்திலிருந்து ஒலிபரப்பினாலோ, வானொலியைப் போல, அதனை ஏற்கும் கையடக்கத் தொலைபேசிகள் யாவும் ஒரே வேளையில் செய்தியைப் பெறும். இவ்விரு வழிகளையும் கொண்ட எச்சரிக்கை வலையமைப்பு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துடன் சேர்ந்து 2009 இல் தொடங்கப்பெற்றது.

ஆய்வறிவு பல்கலைக்கழகத்தினது, கோபுரங்கள் நிறுவனத்தினது. ஒன்றின்றி மற்றொன்று இப்பணிக்கு உதவாது. எனினும், எச்சரிக்கை கேட்டவுடன் கடலைவிட்டு உட்புறம் விரையும் பழக்கத்தை எக்கருவியும் தராது. அது வீட்டிலும் பள்ளியிலும் பயிலவேண்டிய பாடம்.